எண்ணெய் போட்டது நானில்லை

போன மாதம் நம் கூடப் படித்தவளின் பேத்தி கல்யாணத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோமே, அப்போது என் கிட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தது. கோயமுத்தூரில் கிட்டாருக்கென்றே ஒரு ரிப்பேர் கடை வந்திருக்கிறதாம். கொடுத்தால் புதுசு மாதிரி ஆக்கித் தருவார்களாம். ஆளாளுக்குச் சொன்னீர்கள். நான் தரமாட்டேன் என்றேன். "இந்த வயசுல உனக்கென்ன புள்ளே இத்தனை வீம்பு?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். பாயசம் வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். வீம்புதான். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அந்தக் கிட்டார் வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் நடுவில், நாம் ஏழாவது படித்துக்கொண்டிருந்தோம். மீனாட்சிபுரத்திலிருந்து வேலிகளுக்கு நடுவே இட்டேரியில் நடந்தால் வரும் எங்கள் தோட்டத்துக்கு நீங்கள் மோர் குடிக்க வருவீர்கள். அப்போது அப்பா ஆறேழு கறவை மாடுகள் வைத்திருந்தார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். அங்கிருந்த துரை தன் நாட்டுக்கே கிளம்பியபோது பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். சமையல்காரருக்குக் கட்டில், டிரைவருக்குக் கம்பளிக் கோட்டு, மாமாவுக்குக் கிட்டார். மாமா சில வருடம் ஆசையாக வாசித்துப் பழகினார். அப்புறம் ஸ்டோரில் பெட்டி மூடி விழுந்து அவருடைய இடது கை விரல் ஒன்று மடங்காமல் போய்விட்டது. விரல் மடங்காதவனுக்கு இது எதற்கு என்று, ஒரு ஆடி மாதம் லீவில் வந்தபோது எனக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அது வந்த பெட்டியை நான் இன்னும் மறக்கவில்லை. தேயிலை அனுப்புகிற பலகைப் பெட்டியைப் பிரித்து, எஸ்டேட் தச்சர் கிட்டார் வாகுக்கு அடித்துக் கொடுத்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். திறந்தால் தேயிலை வாசனையும் மலை ஈரமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு மூச்சு இழுப்பேன், பிறகுதான் பலகாரம். பின்னால் ஒரு வருடம் அந்தப் பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. கம்பிகளுக்குச் சுருதி பிடிக்க மாமா கொடுத்த சின்ன ஊதல் ஒன்றும் இருந்தது. அது கிணற்றடியில் குனிந்தபோது இடுப்பிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. அதற்குள் ஆறு கம்பிகளின் சுருதியும் என் காதில் ஏறிவிட்டதால் அழவில்லை.

லீவு முடியும் வரை மாமா சொல்லிக் கொடுத்தார். விரல் வைக்கிற இடம், கம்பி மாற்றுகிற விதம், துடைக்கிற விதம் எல்லாம். "வாசிக்கறவங்களே வெச்சுப் பாத்துக்கோணும் புள்ளே. எங்க எஸ்டேட்ல இதைக் குடுக்கறதுக்குக் கடையா இருக்குது?" என்றார். அம்மா கிட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வீணைக்கு இடுப்பு வெச்சாப்பல இருக்குது" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

அப்பாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் பால் கறக்கும் நேரத்தில் என்னைக் கட்டுத்தரையில் கல்லின் மேல் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். மாட்டின் விலாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கறப்பார். காலையும் மாலையும் சைக்கிளில் கேன் எடுக்க வரும் பால்காரரை நிறுத்திவைத்து, "எம் புள்ள இங்கிலீசு வீணை வாசிக்குது பாத்தீங்ளா" என்று கேட்பார். அந்தப் பால்காரரும் கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுதும் நிற்பார். அப்பா என்னை எவ்வளவு கொண்டாடினார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது ஏன் அவ்வளவு சுட்டது என்று அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

கார்த்திகை பிறந்தது. காற்றும் வந்தது.

நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கேயிருந்து கணவாய் வழியாக வந்து, தை கடைசி வரை நிற்காமல் அடிக்கும். கார்த்திகை விளக்கை முறத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தால்தான் எரியும். பனை ஓலை பகலெல்லாம் சடசடக்கும். உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும். மழைக்காலத்தில் இடித்துச் சாத்த வேண்டிய கதவு அப்போது கை பட்டாலே ஆடும்.

கிட்டாரும் கெட்டது. முதலில் ஒரு கம்பி மட்டும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கிர்ரென்றது. பிறகு எல்லாக் கம்பியும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பித்தளைத் துண்டுகள் பதித்திருக்குமே, அவற்றின் முனைகள் இரண்டு பக்கமும் முள்ளாக நீட்டிக்கொண்டன. மேலும் கீழும் கையை ஓட்டினால் விரலைக் கிழித்தது. நான் சட்டையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கடிக்கற நாயக் கொஞ்சற மாதிரி இருக்குது உன்ற வேலை" என்றாள்.

அப்பாவுக்குக் காற்றுக்கால வேலை ஒன்று உண்டு. காற்று தொடங்கினால் ஒரு தூக்குப் போசி நிறைய விளக்கெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். கதவு, நிலை, நுகத்தடி, கலப்பை, வண்டிச் சட்டம், மாட்டுக் கழுத்துத் தோல் வார் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேய்ப்பார். எண்ணெய் கண்ட மரம் வெடிக்காது என்பது அவர் கணக்கு. அந்த வருடம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பெட்டியைத் திறந்து கிட்டாருக்கும் தேய்த்துவிட்டார். வஞ்சகமில்லாமல் தேய்த்திருந்தார். முதுகு, வயிறு, கழுத்து, ஆறு கம்பிகள், ஒன்றும் பாக்கியில்லை. வட்ட ஓட்டைக்குள்ளும் துணியை விட்டுத் துழாவியிருந்தார். அதில் ஒரு கம்பியின் அடிநுனியைப் பிடித்துக்கொண்டிருந்த சின்ன முளையும் உடைந்திருந்தது.

"புள்ள சாமானாச்சே, அதுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை பண்ணோணும்னு நல்லாத் தேச்சு உட்டிருக்கறன் கண்ணு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் வாசித்துப் பார்த்தேன். கிர்ரென்ற சத்தத்தோடு இப்போது ஈரச் சாக்கைத் தட்டுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காற்றடித்த செம்மண் முழுக்க அதன் மேல் அப்பிக்கொண்டது. அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கிற்று. "கடைக்குத்தான் கொண்டுபோகோணும். இது நம்ம சாமானில்ல" என்றார்.

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? தன் ஆயில் எஞ்சினை ஒரு நாளும் கடைக்கு அனுப்பாதவர். கெட்டுப்போனால் வரப்பில் சாக்கை விரித்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி வரிசையாக வைத்து, தானே மாட்டுவார். "கடைக்காரங் கையில குடுத்தா பாதிதான் திரும்பி வரும்" என்பார். நானும் மாமா சொன்னதை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பொம்பளப்புள்ள, கையக் கிய்ய அறுத்துக்காத" என்றார். விரல்கள் ஏற்கனவே அறுந்துதான் இருந்தன.

பாலக்காட்டில் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது அந்தக் கடை. ரேடியோ, சுவர்க் கடிகாரம், ஆர்மோனியம், எது கெட்டாலும் அங்கே கொண்டுபோவார்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டாரைக் கையில் வாங்கினார். விரலால் ஒரு தடவு தடவினார். விரலை மோந்து பார்த்தார். ஒரு கம்பியின் திருகாணியை இப்படியும் அப்படியும் திருகினார்.

"ஆராக்கும் இதில எண்ண தேய்ச்சது?" என்று கேட்டார்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சுவரில் இருந்த கடிகாரங்களைப் பார்த்தார். அத்தனை கடிகாரத்திலும் வேறு வேறு மணி. நான் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளதானுங்க" என்றார் அப்பா. "வெளையாட்டுப் புத்தி. தெரியாமப் பண்ணிப்போட்டுதுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மோளே, இது காளை வண்டியல்ல கேட்டோ. கொரங்கு கையில பூமால குடுத்த கதையாச்சே." உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார்.

நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கையை வைத்து அழுத்தினார். அந்தக் கையில் விளக்கெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எண்ண குடிச்ச மரம் செத்த மரமாக்கும்" என்றார் கடைக்காரர். "கழுத்தும் வளைஞ்சு போச்சு. இனி இதில நாதம் வராது. உதிரிக்கு வேணா ஆகும், நான் எடுத்துக்கறேன். பதிலுக்கு நல்லதொரு ரேடியோ தர்றேன். அதில ஒரு சின்ன வேலை பாக்கியிருக்கு. அடுத்த வாரம் வாங்க, ரெடியாயிருக்கும்."

ரேடியோ என்றதும் அப்பாவின் கண் அந்த அலமாரிக்குப் போனதை நான் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. நம் பக்கத்தில் ரேடியோ உள்ள வீடுகளை அப்போது விரல்விட்டு எண்ணலாம். ஆனால் கிட்டாரை அங்கே விட்டுவிட்டு வர நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் முன்னால் பிடுங்குவதற்கு அப்பாவுக்குக் கூச்சம். "சரிங்க, அடுத்த வாரமே ஒட்டுக்காக் கொண்டாந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆக எனக்கு ஒரு வாரம் கிடைத்தது. அதற்குள் அது பாடாவிட்டால் போயே போய்விடும்.

இரண்டு நாள் ஒன்றும் தோன்றாமல் ஆத்திரத்தோடு திரிந்தேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா வண்டியை வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதுவும் காற்றுக்கால வேலைதான். காற்றில் மரம் வற்றினால் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டா கழன்று கடகடவென்று ஆடும். வண்டியைத் தண்ணீரில் இறக்கி நிறுத்தி, மாட்டை அவிழ்த்து மேய விட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஏற்றினால் பட்டா கச்சென்று பிடித்திருக்கும். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கப்பா, சக்கரத்துக்கும் எண்ணெயே போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் போட்டா மரம் உப்புமா கண்ணு? தண்ணி குடிச்சாத்தான் உப்பும்" என்றார். சொல்லிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழவே இல்லை.

என் காதில் விழுந்தது. கழுத்து மரம் வற்றிச் சுருங்கியதால்தான் பித்தளை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வயிற்றுப் பலகை வற்றி உள்ளே இறங்கியதால்தான் கம்பிகள் பித்தளையில் போய் உரசுகின்றன. அது மலையில் ஈரம் குடித்து வளர்ந்த சாமான். நம் காற்றில் அதற்குத் தாகம். வண்டிக்குத் தண்ணி காட்டத் தெரிந்த மனுசன் கிட்டாருக்கு எண்ணெய் காட்டியிருக்கிறார்.

அதற்காக அதை வாய்க்காலில் இறக்க முடியுமா? பசை விட்டுப்போகும். தண்ணீரும் வேண்டும், படவும் கூடாது. வீட்டுக்குப் போனால் அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காற்றில் வெற்றிலை ஒரு பொழுதில் சருகாகிவிடும். ஆனால் அம்மாவின் வெற்றிலை வாடுவதில்லை. பூக்காரர்கள் மல்லிகையைச் சுற்றுவார்களே, அதே மாதிரி பச்சை வாழைப்பட்டைக்குள் வைத்திருப்பாள். தண்ணீர் சொட்டாது, ஈரமும் போகாது.

அவ்வளவுதான். அரிவாளை எடுத்துக்கொண்டு வாழைக்குப் போனேன்.

முதலில் எண்ணெயை எடுக்க வேண்டியிருந்தது. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எதைப் போட்டுப் போக்குவோம்? அரப்புத்தூள். அதையே காய்ந்த துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். கை மணிக்கட்டு வரை பச்சையாகிவிட்டது, தும்மலாக வந்தது. கம்பிகளைச் சுருட்டிப் பால் காய்ச்சுகிற போசியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அம்மா வந்து பார்த்தாள்.

"பால் போசியில என்னடி கம்பிக் கொழம்பு?"

"எண்ணெய் எடுக்கறனுங்கம்மா."

"கடைக்காரரே ஆவாதுன்னுட்டாரு. அவரக் காட்டிலும் உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமுங்க."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போசிய நீயே வெளக்கி வெச்சரு" என்று மட்டும் சொன்னாள். எண்ணெய் யார் போட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பா கடையில் என்ன சொன்னார் என்பது தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணீர் வந்துவிடும் என்று பயம்.

உடைந்த முளைக்குப் பதில் நம் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஒரு காய்ந்த குச்சி ஒடித்து வந்து செதுக்கினேன். மற்ற ஐந்தும் கறுப்பு, இது மட்டும் பழுப்பு. கொஞ்சம் கோணல். ஆனால் கெட்டியாகப் பிடித்தது. பிறகு வாழைப்பட்டையைத் துண்டு போட்டு, துணியில் சுற்றி, ஒன்றை நூலில் கட்டி வட்ட ஓட்டைக்குள் தொங்கவிட்டேன். இரண்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தடவை பட்டையை மாற்றினேன். திறக்கும்போதெல்லாம் முதலில் மோந்து பார்ப்பேன். பசை விட்டிருந்தால்? பூஞ்சை பிடித்திருந்தால்? கெட்டுப்போனால் இந்தத் தடவை உண்மையாகவே என் தலையில்தான் விடியும்.

வாரம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் கழுத்தோரம் கையை ஓட்டினேன். விரல் கிழியவில்லை. இன்னொரு தடவை ஓட்டினேன். வழவழவென்று போயிற்று. கம்பிகளை மாட்டிச் சுருதி கூட்டினேன். ஒரு கம்பிகூடக் கிர்ரென்று சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வாங்கடா, இப்போது வாங்கடா என்று யாரையோ கூப்பிட்டது மனசு.

அப்பாவிடம் சொல்லவில்லை. கடையில், அந்த நாலு பேர் முன்னாலேயே தெரியட்டும் என்று வாயைத் திறக்காமல் பொட்டாட்ட இருந்தேன். அவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். ரேடியோ துடைத்துத் தயாராக மேசைமேல் இருந்தது. அப்பா பெட்டியை வாங்குவதற்குக் கையை நீட்டினார். நான் கொடுக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். கட்டுத்தரையில் அப்பா அடிக்கடி கேட்கிற அதே பாட்டு. முழுதும் வாசித்தேன். 

கடைக்காரர் கிட்டாரை வாங்கினார். கழுத்தோரம் விரலை ஓட்டினார். அடியில் திருப்பினார். புளியங்குச்சி முளையில் அவர் விரல் நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அந்த முளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் பார்த்தோம். இதை நீங்கள் நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கண்டோ?" என்றார் கடைக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கு நான் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டேனில்லே, அது பையப் பையத்தான் செட்டாகும். இப்பப் பாருங்க, பாடுது."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது. காக்கை உட்காரவே இல்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பெண்தான் சரி செய்தாள் என்று சொன்னால், கெடுத்தது யார் என்கிற கேள்வி வரும். போன வாரப் பொய் வெளியே வரும். அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க கைராசிங்க" என்றார்.

ரேடியோ வேண்டாம் என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். ஊர் வரும் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை.

"எண்ணெய் போட்டது நானில்லைங்கப்பா" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்தார். "காத்து மூஞ்சில அடிக்குது பாரு. ஷட்டர எறக்கி உடு கண்ணு" என்றார்.

ஷட்டரை நான் இறக்கவில்லை. மீனாட்சிபுரம் வரை காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

அந்த வருடம் முழுக்கப் பால் கறக்கும் நேரத்தில் நான் வாசிக்கவில்லை. அப்பா கேட்டார். விரல் வலிக்குது என்றேன். விரல் வலிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே மட்டும் கடைக்காரர் புகழ் பாடுவதை விடவில்லை. "செத்துப் போனதப் பொழைக்க வெச்சுப்போட்டாரு மனுசன்" என்று பால்காரரிடம் சொன்னார், சந்தையில் சொன்னார், நோம்பிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னார். அதைக் கேட்டுப் பால்காரர் தன் ரேடியோவை அங்கே கொடுத்தார். ஊரில் பாதி ரேடியோ அந்தக் கடைக்குப் போய் வந்தது. உங்கள் வீட்டு ஆர்மோனியமும்தான் போயிற்று, நினைவிருக்கிறதா? என் வாழைப்பட்டையால் பிழைத்தது அந்தக் கடை.

அடுத்த வருடம் காற்று வந்த அன்றைக்கே, நான் அரிவாளை எடுப்பதற்கு முன்னாலேயே, கிட்டார்ப் பெட்டியின் மேல் பச்சையாக வாழைப்பட்டை வைத்திருந்தது. அம்மா வெற்றிலைக்கு வெட்டும்போது எனக்கும் சேர்த்து வெட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. எனக்குக் கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போன பிறகும் நிற்கவில்லை. காற்று தொடங்கினால் பால்காரர் சைக்கிளில் வருவார். முருங்கைக்காய், வெண்ணெய், அதோடு சாக்கில் சுற்றிய வாழைப்பட்டை. "ஊட்லருந்து குடுத்தாங்க" என்பார். யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. அம்மாதான், வேறு யார்?

அப்பா விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்த வருடம், காற்று வந்தது. பட்டை வரவில்லை. அம்மாவுக்கு அப்பாவைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு நானே வெட்டிக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் அவரைப் பார்க்கப் போனேன். வெளியே பனை ஓலை சடசடத்துக்கொண்டிருந்தது. அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"காத்து வந்திருச்சே கண்ணு. இந்த வருசம் என்னால வாழைக்குப் போக முடியல. பட்டை வெச்சயா?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. இத்தனை வருடம் வெட்டி அனுப்பியது இவர். அப்படியென்றால் முதல் வருடமே தெரியும். கிட்டாருக்கு எது வேண்டும் என்று தெரியும், யார் கண்டுபிடித்தது என்று தெரியும். தெரிந்துகொண்டே ஊரெல்லாம் கடைக்காரர் பாட்டைப் பாடியிருக்கிறார். அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு நான் உருகியிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். உருகவில்லை.

"நான் எதுக்குங்க வெக்கோணும்?" என்றேன். "அதுக்குத்தான் பாலக்காட்டுல கைராசிக்காரரு இருக்காரே. அவரு வந்து வெப்பாரு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "சீக்குக்கார மனுசனப் போட்டு வாங்கறா பாரு" என்று என்னை அதட்டினாள்.

"உடு. அவ சொல்லட்டும்" என்றார் அப்பா.

"நான் சொல்லியாச்சுங்க. பஸ்ஸுலயே சொல்லியாச்சு" என்றேன். "இனி நீங்கதான் சொல்லோணும்."

"இப்பப் போயி எதுக்கு கண்ணு அதெல்லாம்?"

"இப்பத்தானுங்க."

 அப்போது கேன் எடுக்கப் பால்காரர் வந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது, சைக்கிள் போய் மொபெட் வந்துவிட்டது. வாசலில் நின்று, "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். அப்பா அவரை உள்ளே கூப்பிட்டார். தலையணையில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார் பால்காரரிடம். "அந்த எண்ணெயத் தேச்சது நானுங்க. எம் புள்ளையில்ல. அதைச் சரி பண்ணுனதும் கடைக்காரரில்ல. எம் புள்ளதானுங்க."

பால்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சீக்கு தலைக்கு ஏறிவிட்டதோ என்று அவர் பயந்தது முகத்தில் தெரிந்தது.

"எந்த எண்ணெய்ங்க?" என்று கேட்டார்.

பாருங்கள், இதுதான். அத்தனை வருடத்தில் அந்த எண்ணெய் யாருக்கும் நினைவில்லை. கடையில் சிரித்தவர்களுக்கு நினைவில்லை, ரேடியோவைக் கொண்டுபோனவருக்கு நினைவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் மறக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் போய்க் கிட்டாரை எடுத்து வந்து, பால் கறக்கும் நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்தேன். கறந்தது அம்மா.

அதன் பிறகு எத்தனையோ காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. கம்பி மாற்றுவது, துடைப்பது, பட்டை வைப்பது எல்லாம் நான்தான். இப்போது அதன் சத்தம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் காதும் தேய்ந்திருக்கிறது. உங்கள் கோயமுத்தூர்க் கடைக்காரர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் புளியங்குச்சி முளை இன்னும் கோணலாக அதில்தான் இருக்கிறது. அவர் கையில் கொடுத்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அழகாகக் கறுப்பு முளை ஒன்று வைப்பார். தரமாட்டேன்.